காட்டிலிருந்து ஒரு கெச்சக்காய்

செஞ்சியில் வளர்கிற பிள்ளைக்கு நிழல் என்றால் பாறையின் நிழல்தான். காலையில் ஒரு பக்கம் விழும், மாலையில் மறுபக்கம் விழும், உச்சிவெயிலில் பாறைக்கடியிலேயே ஒளிந்துகொள்ளும். நாள் முழுக்க ஒரே இடத்தில் கிடக்கிற நிழலை நான் முதலில் பார்த்தது எங்கள் குலதெய்வத்தின் காட்டில்.

அந்தக் காடு எங்கள் ஊர்ப் பக்கம் இல்லை. கிழக்கே திண்டிவனம் தாண்டி, மரக்காணம் போகிற சாலையில் கடலை நெருங்கும்போது, உப்பளங்களுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவே கரும்பச்சையாக ஒரு திட்டு தெரியும். அதன் முகப்பில் அய்யனார் கோயில். எங்கள் முன்னோர் எப்போதோ அந்தப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக மேற்கே வந்தவர்கள் என்று சொல்வார்கள். ஆட்கள் வந்துவிட்டார்கள், சாமி வரவில்லை. அதனால் வருஷத்துக்கு ஒரு முறை வேன் பிடித்து நாங்கள்தான் போக வேண்டும்.

யாரும் நட்ட காடு இல்லை அது. யாரும் வெட்டியதும் இல்லை. மரங்கள் பெரிய உயரம் என்று சொல்ல முடியாது. ஆனால் கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, அவற்றின் மேல் தொடைப் பருமனில் கொடிகள் ஏறி, மேலே வானத்தை அடைத்திருக்கும். கோயில் வாசலில் கடல் இரைச்சல் கேட்கும். உள்ளே கொஞ்ச தூரம் நடந்தால் அது சட்டென்று நின்றுவிடும். முதல் தடவை நான் பயந்து கோயிலுக்கே திரும்பி ஓடி, கடல் இருக்கிறதா என்று காது கொடுத்துப் பார்த்தேன்.

காட்டுக்கு ஒரு விதி உண்டு. அங்கிருந்து எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது. பொங்கல் வைக்க, விழுந்து கிடக்கிற சுள்ளியைப் பொறுக்கலாம். அதை அங்கேயே எரித்துச் சாம்பலையும் அங்கேயே விட்டுவிட வேண்டும். காட்டின் எல்லையில் ஒரு கல் நட்டிருக்கும். போகும்போது செருப்பை அதற்கு வெளியே கழற்றுவோம். வரும்போது கல்லுக்கு உள்பக்கம் நின்று உதறுவோம். பெண்கள் முந்தானையை உதறுவார்கள். ஆண்கள் வேட்டியைத் தூக்கி உதறுவார்கள். பிள்ளைகளின் தலைமுடிக்குள் விரல் விட்டு இலை, முள், விதை இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பா செக்போஸ்ட் மாதிரி நிற்பார். காக்கா பழத்தைத் தூக்கிக்கொண்டு போகிறதே என்று ஒரு தடவை கேட்டேன். "அதுங்க சாமி வூட்டுப் புள்ளைங்க. நாமதான் விருந்தாளி" என்றார்.

விதிக்கு இரண்டாம் பகுதி ஒன்றும் உண்டு. தெரியாமல் ஏதாவது வந்துவிட்டால், கொண்டுவந்தவர்தான் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். வேறு ஆளிடம் கொடுத்தனுப்ப முடியாது. நான் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு தடவை காட்டிலிருந்து வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுகையில் அம்மாவின் தூக்குவாளி மூடியில் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தது. மறுநாள் அம்மா அந்த இலையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நைனா, என் அப்பா, துணைக்குப் போனார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்டபோது, ஒரு உறவுக்காரரைக் கொண்டுபோய் விடப் போகிறோம் என்று நைனா சொன்னாராம். இதை அவர் சிரிக்காமல் சொன்னார் என்பதை அம்மா இன்றைக்கும் குறிப்பிடுவாள்.

நான் நாலாவது முடித்திருந்த வருஷம், அந்தக் காட்டுக்குள் வனத்துறை ஒரு நடைபாதை போட்டது. கோயிலின் வலப்பக்கம் புகுந்து, காட்டை ஒரு சுற்றுச் சுற்றி, இடப்பக்கமாக வெளியே வருகிற ஒற்றையடிப் பாதை. இரண்டு மூன்று சிமெண்ட் பெஞ்சுகள். முக்கியமான மரங்களின் பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப் பலகைகள். முகப்பில் பெரிய பலகை ஒன்று. பிளாஸ்டிக் கொண்டுவராதீர், தீ மூட்டாதீர், சத்தம் போடாதீர் என்று அதில் எழுதியிருந்தது. எங்கள் விதி அதில் இல்லை. அது எங்களுக்குத் தெரியும் என்று விட்டிருப்பார்கள்.

அதே வருஷம்தான் அத்தையின் கல்யாணப் பேச்சு சூடாக இருந்தது. அத்தை நைனாவின் தங்கை. தாவரவியல் பட்டம் முடித்துவிட்டு, பி.எட். படிக்க வேண்டும் என்று நின்றாள். இடமும் கிடைத்திருந்தது. சேர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பாவோ முதலில் கல்யாணம், படிப்பைப் பிறகு கட்டினவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே வந்த இரண்டு வரன்களை அத்தையே வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். அந்தப் பேச்சு தெருவில் ஒரு மாதம் ஓடியது. மூன்றாவதாக வந்தது அவலூர்பேட்டை வரன். கடைவீதியில் உரம், விதை விற்கிற குடும்பம், ஒரே பையன். ஆனால் அந்த வீட்டில் பெண்கள் வேலைக்குப் போவதில்லை என்று தரகரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். குறையாக இல்லை, பெருமையாகத்தான்.

பெரியப்பா அத்தையிடம் எல்லோர் முன்னிலையிலும் கறாராகச் சொன்னார். "இந்தத் தடவ நீ வாயத் தொறக்கக் கூடாது. இந்த எடம் தானா தட்டிப்போச்சுன்னா நீ போய் படி. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா ஒன் வாயிலேர்ந்து வேணாம்னு வரக் கூடாது."

அத்தை சரி என்றாள். அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்றது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சோறு வேண்டுமா என்றாலே யோசித்துச் சொல்கிறவள்.

வீட்டுக்கு வந்து பெண் பார்த்தால் தெருவுக்குத் தெரியும். மறுபடி தட்டிப்போனால் மறுபடி பேச்சு. ஆகவே பெரியவர்கள் கூடி ஒரு உபாயம் செய்தார்கள். ஆனி மாதம் நாங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போவோம். அவர்களும் தற்செயலாக அந்தப் பக்கம் வருவார்கள். கடலைப் பார்க்க வந்தவர்கள் கோயிலைக் கண்டு உள்ளே நுழைந்ததாக இருக்கட்டும். அவலூர்பேட்டையிலிருந்து அவ்வளவு தூரம் தற்செயலாக வரக்கூடிய குடும்பம் எது என்று யாரும் கேட்கவில்லை.

அவர்கள் வேனிலிருந்து இறங்கியபோது எல்லோருமே பட்டு உடுத்தியிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் பேண்ட், கோடு போட்ட சட்டை, காலில் கயிறு கட்டின ஷூ. எல்லைக்கல்லுக்கு வெளியே எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போன பிறகும் அவர் மட்டும் குந்தி உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "அவசரத்துல ரெட்ட முடிச்சு போட்டுட்டேன் பாப்பா" என்றார், நான் ஏதோ கேட்டதுபோல.

கோயில் வாசலில் பொங்கல் பானை ஏறியது. பெரியவர்கள் மழையைப் பற்றியும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விலையைப் பற்றியும் பேசி முடித்து, பேச ஒன்றும் இல்லாமல் காட்டைப் பார்த்தார்கள். அப்போது மாப்பிள்ளையின் அம்மா, புதுசா பாதை போட்டிருக்காங்களாமே, சின்னவங்க ரெண்டு பேரும் ஒரு சுத்து போய்ட்டு வரட்டும் என்றார். யாரோ இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். தனியாக அனுப்புவது முறையில்லை. பெரியம்மா என்னைக் கூப்பிட்டு அடுப்புப் பக்கம் ஒதுக்கினார்.

"நீயும் கூடவே போ. இன்னா பேசறாங்க, இன்னா செய்றாங்க, எல்லாத்தையும் பாத்துனு வந்து சொல்லணும். கூட்டாம, கொறைக்காம."

"எதுக்கு பெரிம்மா?"

"கேள்வி கேக்காத. மிச்சர் பொட்டலம் வேணுமா வேணாமா?"

பின்னாளில் நான் ஒரு பத்திரிகையில் சேர்ந்தபோது, செய்தி ஆசிரியர் முதல் நாள் சொன்ன பாடமும் ஏறக்குறைய இதுதான். மிச்சர் மட்டும் இல்லை.

பாதையில் அத்தை முன்னால், நான் நடுவில், அவர் பின்னால் நடந்தோம். மண் குளிர்ச்சியாக இருந்தது. சருகு மிதிபடுகிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. பிறகு அத்தை திரும்பாமலே, தேவைக்கு மேல் உரத்த குரலில் சொன்னாள்.

"இங்கேர்ந்து எதையும் எடுத்துனு போவக் கூடாதுங்க. எல, காய், குச்சி எதுவும். எங்க வூட்ல அது ரொம்ப கண்டிப்பு."

அத்தை அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது. நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

"சரிங்க" என்றார் அவர். பிறகு, "நீங்க இன்னா படிச்சீங்க?"

"பாட்டனி."

"அப்போ இந்தப் பலகையெல்லாம் ஒங்களுக்கு வேணாம்."

"எனக்கு வேணாம். இவளுக்கு வேணும்" என்று அத்தை என் தோளைத் தொட்டாள். "அதோ தெரியுது பாரு பலகை, ஓடிப்போய் இன்னா எழுதியிருக்குதுன்னு படிச்சிட்டு வந்து சொல்லு."

ஓடினேன். வீரை மரம். கீழே அதன் தாவரப் பெயர் ஆங்கிலத்தில். அதன் கீழே பயன். பலகைகளின் விசேஷமே அந்தக் கடைசி வரிதான். ஒரு சுள்ளிகூட வெளியே போகாத காட்டில், ஒவ்வொரு மரத்தையும் வெட்டினால் என்ன செய்யலாம் என்று அரசாங்கம் எழுதி வைத்திருந்தது. வீரை, வீடு கட்ட உதவும். உலக்கைப்பாலை, உலக்கை செய்ய உதவும். கருங்காலி, மரச்சாமான்களுக்கு. காயா மரம் மட்டும் கொஞ்சம் தப்பித்திருந்தது. அதன் இலை சாயம் தரும் என்றிருந்தது.

படித்துவிட்டு ஓடிவந்து ஒப்பித்தேன். அத்தை கேட்டுவிட்டு, அடுத்தது என்றாள். அடுத்ததற்கு ஓடினேன். வந்தேன். அடுத்தது என்றாள். தாவரவியல் படித்தவளுக்குத் தகரப் பலகை எதற்கு என்று எனக்குத் தோன்றவில்லை. என் படிப்பின்மேல் அக்கறை என்று நினைத்தேன். சத்தமாகப் படித்தேன்.

ஒவ்வொரு பலகையிலிருந்தும் திரும்பிப் பார்ப்பேன். அவர்கள் இருவரும் சிறிதாகத் தெரிவார்கள். முதல் தடவை பார்த்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உலக்கைப்பாலையிலிருந்து பார்த்தபோது அத்தை கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அத்தை கையை ஆட்டினால் படிப்பு விஷயம் பேசுகிறாள் என்று எங்கள் வீட்டில் பூனைக்கும் தெரியும். கருங்காலியிலிருந்து பார்த்தபோது அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். சிமெண்ட் பெஞ்சு பக்கத்திலேயே இருந்தது. இருவரும் உட்காரவில்லை. எட்டி மரத்துப் பலகை நீளமானது. அதன் விதை நஞ்சு, ஆனால் மருந்து என்று விளக்கியிருந்தார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு திரும்பியபோது அவர் அத்தையிடம் ஏதோ ஒரே ஒரு கேள்வி கேட்டார். அத்தை இல்லை என்று தலையாட்டினாள். அவர் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். பிறகு அவரும் தலையாட்டினார். அது சரி என்கிற மாதிரி இருந்தது.

நான் கிட்டே வந்ததும் இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். எட்டி மரத்தை நான் ஒப்பித்ததை யாரும் கேட்கவில்லை.

பாதை வளைகிற இடத்தில் கெச்சக்காய்ப் புதர் ஒன்று முள்ளும் கொடியுமாக ஏறிக் கிடந்தது. கழற்சிக்காய் என்று புத்தகங்களில் இருப்பதுதான். முள் தோலுக்குள் சாம்பல் நிறத்தில், கோலிக்குண்டு அளவில், வழுவழுவென்று கொட்டை இருக்கும். செஞ்சியில் நாங்கள் அதை வைத்து விளையாடுவோம். சிமெண்டுத் தரையில் தேய்த்து, சுடச்சுட அடுத்தவள் தொடையில் வைப்போம். புதருக்குக் கீழே போன வருஷத்துக் கொட்டைகள் சருகுக்குள் மின்னிக்கொண்டு கிடந்தன. நான் அவற்றைத் தாண்டிப் போனேன். போன வருஷம் இதே இடத்தில் ஒன்றைத் தொட்டுப் பார்த்ததற்கே அத்தை என் கையில் பட்டென்று அடித்திருந்தாள்.

அவர் நின்றார். "பாப்பா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு குனிந்து ஒரு கொட்டையை எடுத்தார். துடைத்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். என் காதருகேயும் ஆட்டினார்.

"நல்லா கீதுல்ல?" என்று சொல்லிவிட்டு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அத எடுக்கக் கூடாது. அத்த இப்பதான் சொன்னாங்க" என்றேன்.

"ஒரு காய்தான?"

நான் அத்தையைப் பார்த்தேன். என் கையில் அடித்தவள், இப்போது வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். அத்தை அண்ணாந்து ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மரத்துக்குப் பலகை இல்லை.

கோயிலுக்குத் திரும்பியதும் பெரியம்மா என்னை அடுப்புப் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் முறைப்படி முதலிலிருந்து ஆரம்பித்தேன். வீரை, வீடு கட்ட.

"மரத்த வுடுடி. அவரு இன்னா பேசினாரு?"

"அத்த இன்னா படிச்சாங்கன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் உலக்கப்பால. அது..."

"ஏய்!"

"எங்கிட்ட ரெட்ட முடிச்சு போட்டேன்னு சொன்னாரு. அது முன்னாடியே. அப்புறம் அத்த எதையும் எடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. அவரு சரின்னாரு. அப்புறம் கெச்சக்காய் எடுத்து பாக்கெட்ல போட்டுக்கினாரு."

பெரியம்மாவின் கரண்டி பானைக்குள் நின்றது. "சொன்னப்புறமா?"

"சொன்னப்புறம்தான்."

"நீ பாத்தியா?"

"என் காதுல ஆட்டிக் காட்டினாரு."

கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெரியம்மா பொங்கலை இறக்கிவிட்டு நேராகப் பெரியப்பாவிடம் போனார். அவர் காதில் சொல்லும்போது பெரியப்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. துண்டை மட்டும் ஒரு தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றினார்.

எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பெரியப்பா தானே நின்று மாப்பிள்ளைக்குப் பரிமாறினார். போதும் என்றாலும் விடவில்லை. அவ்வளவு மரியாதையை அவர் பிடிக்காதவர்களுக்குத்தான் காட்டுவார் என்று எங்கள் வீட்டில் தெரியாதவர்கள் கிடையாது. அத்தை இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டாள். அம்மா அதை வியப்போடு பார்த்தாள்.

கிளம்பும்போது எல்லைக்கல்லுக்கு வந்தோம். நாங்கள் உதறினோம். அவலூர்பேட்டைக்காரர்களும், இது என்ன புதுப் பழக்கம் என்று சிரித்துக்கொண்டே உதறினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பட்டு முந்தானையை உதறியதில் நிஜமாகவே ஒரு காய்ந்த இலை விழுந்தது. அவர் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை பேண்டைத் தட்டினார். கையைத் தட்டினார். அவ்வளவுதான்.

பெரியப்பா குரலைத் தாழ்த்தி, "தம்பி, சட்டப் பாக்கெட்டையும் ஒரு தடவ பாத்துடுங்க. இங்க அது வழக்கம்" என்றார்.

"ஒண்ணும் இல்லீங்க. செல்லுதான் கீது" என்றார் அவர்.

செல்போன் அவர் கையில் இருந்தது.

பெரியப்பா அந்தக் கையைப் பார்த்தார். புடைத்துக்கொண்டிருந்த சட்டைப் பையைப் பார்த்தார். விருந்தாளியின் பையில் கைவிட முடியாது. எடுத்தவர் கையால்தான் திரும்ப வைக்க வேண்டும் என்பதால் பிடுங்கி எறிந்தும் பயனில்லை. "சரிங்க" என்று ஒதுங்கி வழிவிட்டார். மாப்பிள்ளை உட்கார்ந்து ஷூவை மாட்டி, மறுபடி இரட்டை முடிச்சுப் போட்டார்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை இன்றுவரை உயிரோடு இருக்கிறது. எந்தக் கல்யாணப் பேச்சு வந்தாலும், படிப்பு, வசதி, ஜாதகம் எல்லாம் பார்த்த பிறகு யாராவது ஒருவர், "காய் எடுக்காத பையனான்னு பாருங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரிப்பாள். அவள் அந்த வருஷமே பி.எட். சேர்ந்தாள். சில வருஷங்கள் கழித்து அவளே சொன்ன ஒருவரைக் கட்டிக்கொண்டாள். இப்போது மேல்சித்தாமூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லித் தருகிறாள்.

காய் எடுத்த அந்த மாப்பிள்ளையை நான் அதற்குப் பிறகு ஒரு தடவைதான் பார்த்தேன். மல்லாட்டை விலை விழுந்ததைப் பற்றி எழுத அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போயிருந்தபோது, வியாபாரிகளிடம் விசாரித்துக்கொண்டே ஒரு உரக்கடையில் நுழைந்தேன். கல்லாவில் நரைத்த மீசையோடு உட்கார்ந்திருந்தவர் நாற்காலி போடச் சொன்னார். டீ வரவழைத்தார். விலை நிலவரத்தை ஒழுங்காகச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். செஞ்சி என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பலக படிச்ச பாப்பாதான நீங்க?" என்றார். ஆமாம் என்றேன். "அத்த எந்த ஸ்கூல்ல இருக்காங்க?" என்று கேட்டார். படித்தார்களா, வேலைக்குப் போனார்களா என்று கேட்கவில்லை. எந்தப் பள்ளி என்றுதான் கேட்டார். அந்த வித்தியாசம் பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது.

அதோடு சேர்ந்து, அந்த நாளில் பெரியம்மா என்னிடம் கேட்காத ஒன்றும் நினைவுக்கு வந்தது.

இரண்டு குடும்பமும் விடைபெற்று வேன்களில் ஏறிக்கொண்டிருந்தபோது, பொங்கல் பிசுக்கைக் கழுவ நான் கோயில் பக்கத்து அடிபம்புக்கு ஓடினேன். கைக்குட்டையை விட்டுவிட்டேன் என்று வேனில் சொல்லிவிட்டு அவர் தனியாகத் திரும்பி வந்தார். எல்லைக்கல்லுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, இரட்டை முடிச்சை அவிழ்த்து, ஷூவைக் கழற்றி வைத்தார். வெறுங்காலோடு உள்ளே போனார். அந்தப் புதர்வரை போகவில்லை. முதல் மரத்தடியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து கொட்டையை எடுத்துச் சருகுக்கு அடியில் வைத்து, கையால் மூடினார். திரும்ப வந்து கல்லுக்கு உள்பக்கம் நின்று, சட்டைப் பையைத் தலைகீழாக இழுத்து உதறினார். பிறகு காலரை. பிறகு பேண்டின் மடிப்பை. எங்கள் வீட்டு ஆட்களைவிட ஒழுங்காக உதறினார். பம்படியில் என்னைப் பார்த்ததும் உட்கார்ந்து ஷூவை மாட்டத் தொடங்கினார்.

எங்கள் வேன் கிளம்பியது. உப்பளம் தாண்டியது. பிறகு பெரியப்பா முன்சீட்டிலிருந்து, "அய்யனார் எதிர்ல நின்னு பொய் சொல்றவன். இந்த எடம் வேணாம்" என்றார்.

"அவங்களுக்கு இன்னான்னு சொல்லி வுடறது?" என்றார் பெரியம்மா.

"ஜாதகம் பொருந்தலன்னு சொல்லு. காய் விஷயத்த சொன்னா அந்த அம்மா மனசு ஒடிஞ்சிபுடும்."

இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே, "போய் படிப்புல சேரு" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. நைனா திரும்பி அத்தையைப் பார்த்தார். அத்தை தலையைக் குனிந்திருந்தாள். அவள் அழுகிறாள் என்று நினைத்து அம்மா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கடைசி சீட்டில் அத்தைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். காற்று சத்தத்தில் எதுவும் கேட்காது. அவள் குனிந்து என் காதில் கேட்டாள்.

"திரும்ப வெச்சிட்டாரா?"

தலையாட்டினேன்.

"ஷூவ கழட்டிட்டுதான வெச்சாரு?"

அதற்கும் தலையாட்டினேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள்.

அவர் சாமிக்குப் பயந்து வைத்துவிட்டார் என்று நினைத்தேன். அத்தையும் சாமிக்குப் பயந்துதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். அவர் திரும்பிப் போனது வேனுக்குள் இருந்த அத்தைக்கு எப்படித் தெரியும், எடுத்தவர்தான் வைக்க வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னது, எதுவும் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. வேலையைச் சரியாகச் செய்துவிட்டேன் என்கிற திருப்தியில், பெரியம்மா கொடுத்த மிச்சர் பொட்டலத்தைப் பிரித்து, அத்தைக்கும் கொஞ்சம் நீட்டினேன்.